முப்பத்தேழு கையெழுத்தோடு ஒரு கவரிங் லெட்டர்

அந்த மேனேஜரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விஷயங்களை எழுதுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. மூன்று வருஷம் அந்த ஆளை நினைத்துக்கொண்டேதான் காலையில் எழுந்தேன். பல் தேய்க்கும்போதுகூட அவர் சிரித்த சிரிப்பு காதில் விழும்.

எல்லாம் ஒரு வேலை விண்ணப்பத்தில் ஆரம்பித்தது. பி.காம். முடித்து வீட்டில் இருந்தேன். மலையில் எங்கள் ஊரில் டிகிரி முடித்த முதல் பெண் நான். அடிவாரத்தில் மிளகு, கிராம்பு, ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. ரெஸ்யூமும் கவரிங் லெட்டரும் கொண்டு வரவேண்டும் என்றார்கள்.

ரெஸ்யூமுக்கு ஒன்றும் கவலை இல்லை. பேளுக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. எங்கள் மலையில் வேலைக்குப் போன அத்தனை பேருக்கும் ரெஸ்யூம் அங்கேதான் பிறந்தது. கடைக்காரரிடம் ஒரே ஒரு மாதிரிதான் உண்டு. பெயரையும் மார்க்கையும் மாற்றிவிட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதனால் எங்கள் எல்லோருக்குமே பொழுதுபோக்கு கிரிக்கெட் விளையாடுவதும் தபால்தலை சேகரிப்பதும்தான். நான் வாழ்க்கையில் தபால்தலையை நாக்கில் தடவி ஒட்டியதோடு சரி. அப்பாவுக்கு என்ன தொழில் என்று கடைக்காரர் கேட்டார். விவசாயம் என்றேன். ஒன்றரை ஏக்கரில் மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் எங்களுக்கு இருந்தன. அவர் கூலி என்று டைப் அடித்தார்.

"எல்லாருக்கும் அதுதாம்மா போடறது. அப்பதான் எரக்கப்படுவாங்க" என்றார்.

நானும் தலையாட்டினேன். அப்போது அது சரியென்றே பட்டது.

கவரிங் லெட்டருக்கு மட்டும் அவரிடம் மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "லெட்டருதான கண்ணு? அதுக்கு எதுக்கு இன்னொருத்தன்? நான் எழுதறேன்" என்றாள்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். மகளிர் குழுவுக்குத் தலைவி. எங்கள் ஊருக்கு வந்த எல்லாமே அவள் எழுதி வந்ததுதான். தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, சாதிச் சான்றிதழ், கீழ் நிறுத்தத்தோடு திரும்பிப் போன பஸ் எங்கள் ஊர்வரை ஏறி வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் அவள் கையெழுத்தில் ஒரு மனு இருக்கும். கோடு போட்ட தாளில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவாள். எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒரே கடிதம் மனு. வேறு கடிதம் எழுத எங்களுக்கு என்ன தேவை இருந்தது?

எனக்கும் அம்மா மனுவைத்தான் எழுதினாள். பெறுநர், உயர்திரு மேலாளர் அவர்கள். பொருள், வேலை வழங்கிட வேண்டுதல் தொடர்பாக. ஐயா, நாங்கள் மேற்கண்ட ஊரில் பல தலைமுறைகளாக வறுமையில் வாழ்ந்து வருகிறோம். எங்கள் ஊரிலிருந்து இதுவரை யாருக்கும் தங்கள் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. எனவே ஐயா அவர்கள் கருணை உள்ளம் கொண்டு எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வேலை வழங்கி எங்கள் வாழ்வில் ஒளியேற்றுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.

கையெழுத்து இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும் என்பது அம்மாவின் அனுபவம். இரண்டு நாள் வீடு வீடாகப் போய் முப்பத்தேழு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். அதில் ஒன்பது கைநாட்டு. ஒருவரும் மறுக்கவில்லை. அத்தை ஒருத்தி கிழங்குக் காட்டிலிருந்து ஓடி வந்து, கையைக் கழுவிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். கடைசியில் அம்மா ஒரு வரி சேர்த்தாள். நகல், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள். மேலே ஒருவருக்குத் தெரியும் என்றால்தான் கீழே இருப்பவர்கள் அசைவார்கள் என்பதும் அவள் அனுபவம்தான்.

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. ஊரே பின்னால் நிற்கும்போது யார் வேலை தரமாட்டார்கள் என்று நினைத்தேன். டிகிரி முடித்தவள் நினைத்த நினைப்பு அது.

இன்டர்வியூ அன்று அம்மாவும் கூட வந்தாள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது.

மேனேஜர் ரெஸ்யூமைப் பார்க்கவே இல்லை. கடிதத்தை எடுத்தார். இரண்டு வரி படித்தார். உதடு கோணியது. அப்புறம் எழுந்துபோய்க் கதவைத் திறந்து கணக்கு எழுதுகிறவரையும் பில் போடும் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டார். அவர்கள் வந்து நின்றதும், நாடகத்தில் வசனம் பேசுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு உரக்கப் படித்தார்.

"கருணை உள்ளம் கொண்டு! ஏம்ப்பா, என்னோட உள்ளத்த இதுவரைக்கும் யாராச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தாளைத் திருப்பினார்.

"இது என்னம்மா, கைநாட்டு?"

"எங்க அத்தையோடதுங்க சார்."

"உங்க அத்தையும் வேலைக்கு வாராங்களா?"

பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கலெக்டருக்கு நகல் என்று இருந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்போனை எடுத்துக் கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்தார். பிறகு என்னிடம், "வேலை வேணும்னா மனு குடுக்கக் கூடாதும்மா. வேலை தெரியணும். போயிட்டு வா" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். வயிறு இன்றுவரை எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பொய் சொல்லி அவமானப்படுத்தியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

வெளியே வந்தேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. "வா கண்ணு, பஸ்ஸு வந்துரும்" என்றாள்.

ஒரு வாரத்தில் அந்தப் போட்டோ எங்கள் மலைக்கே ஏறி வந்தது. முள்ளுக்குறிச்சியில் லோடு ஏற்றப் போன லாரி டிரைவர் ஒருவரின் போனுக்கு யாரோ அனுப்பி, அவர் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். ஒரு வேலைக்கு ஊரே விண்ணப்பம் என்று மேலே எழுதி, கீழே சிரிக்கிற முகம் பத்துப் பதினைந்து. கையெழுத்துப் போட்ட முப்பத்தேழு பேரும் பார்த்தார்கள், அல்லது பார்த்தவர்கள் சொல்லக் கேட்டார்கள். அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் மனு எழுதவில்லை.

நான் முதலில் கவனிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் பஸ் மறுபடியும் எங்கள் ஊருக்கு ஏறாமல் கீழ் நிறுத்தத்தோடு திரும்ப ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நனைந்துகொண்டு நடந்தார்கள். ஊர்க்காரர்கள் தாளும் பேனாவுமாக வந்து வாசலில் நின்றார்கள். "கண்ணு சரியாத் தெரியலீங்க, வேற யாரையாச்சும் பாருங்க" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளுக்குக் கண் தெரியவில்லையாம். வேறு யாரைப் பார்ப்பது? எங்கள் ஊரில் வேறு ஆள் கிடையாது.

அன்றைக்கு எனக்குள் ஒன்று முடிவாயிற்று. என் வேலை போனது போகட்டும். என் அம்மாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியவன் அந்த ஆள். அவரை அதே மேஜையில் வைத்துத் தலைகுனிய வைக்க வேண்டும். அதை வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் மறுபடி எழுத உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

பழிவாங்க வேண்டும் என்றால் முதலில் வேலை தெரிய வேண்டும். அவரே சொன்னாரே. அடிவாரத்தில் மலைச்சரக்கு வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் கடையில் போய்க் கேட்டேன். ரெஸ்யூமை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேஜைமேல் வைத்து, அதன் மீதே ஒரு கை மிளகைக் கொட்டினார். "இதுல வேண்டாதத எடும்மா" என்றார். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகைத் தனியாகவும், கலந்திருந்த பப்பாளி விதையைத் தனியாகவும் ஒதுக்கினேன். மிளகுக் கொடியடியில் வளர்ந்தவளுக்கு இது ஒரு பரீட்சையா? நாளைக்கு வந்துவிடு என்றார்.

மூன்று பருவம் அங்கே இருந்தேன். மூட்டைக்குள் கைவிட்டு ஈரம் சொல்லவும், ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பதை வைத்து விலை பேசவும் பழகினேன். மலையில் பன்னிரண்டு ஊர்களுக்கு நானே போய் நேரடியாக வாங்கினேன். அந்த மேனேஜரைப் பற்றிய சேதியும் கடைக்குத் தானாக வந்தது. அவர் மலை ஏறுவதே இல்லையாம். புரோக்கர்கள் கொண்டுவருவதை அப்படியே வாங்குகிறாராம். ஈரச் சரக்கு என்று மூட்டைகள் திரும்பி வருகின்றனவாம். ஒவ்வொரு சேதியும் எனக்குப் பாயசமாக இருந்தது.

மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் ரெஸ்யூமைத் திருத்துவேன். முதலில் தபால்தலையை வெட்டினேன், பிறகு கிரிக்கெட்டை. அப்பா பெயர், மதம், ரத்த வகை, மேற்கண்ட யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன் என்பது, எல்லாம் போயிற்று. மிளகு வாங்குவதற்கும் என் ரத்த வகைக்கும் என்ன சம்பந்தம்? கூலி என்ற சொல்லை மட்டும் உடனே அழிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்து, நல்ல ஆத்திரம் வந்தபிறகு அழித்தேன்.

கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவாகப் பணியாற்றுபவள் என்று ஒரு வரி இருந்தது. எந்தச் சோம்பேறி தன்னைச் சோம்பேறி என்று எழுதுவான்? அதை எடுத்துவிட்டுச் செய்ததை மட்டும் எழுதினேன். எந்தெந்த ஊரில் வாங்கினேன், எத்தனை மூட்டை, முதல் பருவத்தில் எத்தனை திரும்பி வந்தது, மூன்றாவது பருவத்தில் எத்தனை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. படிக்கிறவர் ஒரு பார்வைதான் பார்ப்பார், அந்தப் பார்வை விழும் இடத்தில் என் வேலை நிற்க வேண்டும்.

கவரிங் லெட்டருக்குத்தான் நாள் பிடித்தது. அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீசிலிருந்து கொள்முதல் அதிகாரி வேலைக்கு அறிவிப்பு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, கை தானாகத் தாழ்மையுடன் என்று போகும். கருணை என்று போகும். அந்தச் சொல் வந்த தாளையெல்லாம் கிழித்தேன். உங்கள் சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்பது எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தேன். புரோக்கர்கள் ஈரத்தோடு மூட்டை கட்டுவதை எழுதினேன். எந்த ஊரில் தார்ரோட்டில் காய வைக்கிறார்கள், எந்த ஊரில் தார்ப்பாயில் காய வைக்கிறார்கள் என்று எழுதினேன். இதை நான் இப்படிச் செய்து சரிசெய்திருக்கிறேன், உங்களுக்கும் செய்வேன், இந்தத் தேதியிலிருந்து வரமுடியும். முடிந்தது. ஒரு வரியிலும் நான் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வரியையும் அந்த ஆளின் முகத்தை முன்னால் நிறுத்தித்தான் எழுதினேன்.

பாய் வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, இது வேலைக்கு எழுதறியா, போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதறியா?" என்று கேட்டார்.

இரண்டும்தான் என்றேன். மேனேஜருக்கு அனுப்பாமல் நேராகத் தலைமை ஆபீசுக்கே அனுப்பினேன். பத்தாவது நாள் கூப்பிட்டார்கள்.

அதே ஆபீஸ், அதே மேஜை. தலைமை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வெள்ளை முடி, சின்னக் கண்ணாடி. பக்கத்தில் மேனேஜர். என் கடிதம் அந்த அம்மாவின் முன்னால் இருந்தது, சில வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். அரைமணி நேரம் மிளகைப் பற்றியே கேட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மேனேஜர் இடையிடையே தலையாட்டினார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றார் என்னைப் பார்த்து. இப்போது 'ங்க' வந்துவிட்டது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று வருஷமாக அவர் முகத்தை நான் சுமந்தேன், அவருக்கு என் முகமே ஞாபகம் இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அந்த அம்மா, "எப்ப சேர்றீங்க?" என்று கேட்டார்.

நான் செல்போனை எடுத்தேன். அந்தப் போட்டோவை நான் அழித்ததே இல்லை. பெரிதாக்கி மேனேஜர் முன்னால் வைத்தேன். "சார், இத ஒருதடவ படிச்சுக் காட்டுங்க. போன தடவ நல்லா ஏத்த இறக்கமா படிச்சீங்க" என்றேன்.

அவர் பார்த்தார். முகம் கறுத்தது. "இது... ஏதோ தமாஷுக்கு..." என்றார்.

அந்த அம்மா போனை வாங்கிக் கடைசிக் கைநாட்டுவரை படித்தார். சிரிக்கவில்லை. "இந்த ஆபீசுக்கு வந்த லெட்டர் எப்படிங்க வெளிய போச்சு?" என்று மேனேஜரைக் கேட்டார். அவர் மேஜையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை நான் ஆற அமர உட்கார்ந்து பார்த்து அனுபவித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பிறகு எழுந்து, "இதச் சொல்லத்தாங்க வந்தேன். எனக்கு இங்க வேலை வேண்டாங்க" என்றேன்.

அந்த அம்மா யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டேன். அடுத்த மாதம் மேனேஜரை வேறு எங்கோ தூரமாகத் தூக்கிப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். இப்போது எழுதும்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு அடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் ஏறியதிலிருந்து வளைவுக்கு வளைவு நான் சிரித்துக்கொண்டே வந்தேன். கீழ் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். மேனேஜர் முகம் கறுத்ததை இரண்டு தடவை சொன்னேன்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "வேலைய ஏங்கண்ணு வேண்டான்னே?" என்று கேட்டாள்.

"அவன் கம்பெனில எனக்கு எதுக்கும்மா வேலை? உனக்காகத்தான் போனேன். இனி நீ எழுதலாம். பஸ்ஸுக்கு மொதல்ல எழுது."

"அந்தாளு சிரிச்சதுக்கா நான் எழுதாம இருக்கறன்னு நெனச்சே?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"இருவது வருசமா எந்த ஆபீசுல அவுங்க சிரிக்கல, கண்ணு? ஒரு ஆபீசுல ஒருத்தன் என்ர மனு மேலயே டீ டம்ளர வெச்சான். அடுத்த வாரம் வேற தாளுல எழுதிக்கிட்டுப் போயி நின்னேன். தொட்டி வந்துச்சா இல்லியா? அவுங்க சிரிப்பாங்க, நாம வாங்கிக்கிட்டு வருவோம். அதுக்கெல்லாம் பேனாவக் கீழ வெப்பாங்களா?"

"அப்பறம் ஏம்மா எழுதல?"

"நீதான கண்ணு எழுத வேண்டான்னே."

ஒன்றை நான் இதுவரை எழுதாமல் விட்டிருக்கிறேன். முதல் இன்டர்வியூ முடிந்து திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி. அன்று சந்தை நாள். பஸ் நிறைய எங்கள் ஊர்ப் பெண்கள், கையெழுத்துப் போட்டவர்களில் ஏழெட்டுப் பேர், கைநாட்டு வைத்த அத்தை உட்பட. வேலை கிடைத்ததா என்று அத்தை ஆசையாகக் கேட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எனக்கு உடைந்துவிட்டது. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "நீ எழுதினது லெட்டரா? பிச்சை. இருபது வருஷமா ஊருக்கே பிச்சை எடுத்துக் குடுத்திருக்கே. இனிமே எனக்கும் எழுதாதே, யாருக்கும் எழுதாதே." அம்மா எங்கள் ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நானும் குடித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத வேண்டாம் என்றதே நான்தான் என்பதை அம்மா குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். மேனேஜர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். மூன்று வருஷம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றும் முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னென்னவோ சொல்லியிருந்தார். பிச்சை என்று மட்டும் சொல்லவே இல்லை.